பருத்த வயிறு, ஒட்டிய முதுகு: குட்டை மீனின் கொழுப்புக் கோளாறும் வைட்டமினும்

கிருஷ்ணகிரியிலிருந்து மகாராஜகடை வழியாகக் குப்பம் போகும் சாலையின் இரு பக்கமும் இப்போது பண்ணைக்குட்டைகள். கட்லா, ரோகு, மிர்கால், கொஞ்சம் ஜிலேபி. குட்டைக்காரர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இரண்டுதான். ஒருவர், "தீனி குறையே இல்லைங்க, வயிறுதான் பெருக்குது, தராசில் நிற்க மாட்டேங்குது" என்பார். இன்னொருவர், "தலை பெருசா இருக்கு, முதுகு கத்தி மாதிரி ஒட்டிக் கிடக்கு" என்பார். நேர்மாறான இந்த இரண்டுக்கும் தீவனக் கடையில் ஒரே பதில்தான் கிடைக்கிறது: லிவர் டானிக் ஒரு கேன்.

டானிக் வீண் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதைக் குட்டைத் தண்ணீரில் ஊற்றினால் மீன் வயிற்றுக்குப் போவது சொற்பம், மீதி பாசிக்குத்தான். கொழுப்பை ஈரலிலிருந்து வெளியே அனுப்ப ஒரு வைட்டமின், எரிக்கச் சில வைட்டமின்கள், கெடாமல் காக்க இன்னொன்று என்று வேலை பிரிந்திருக்கிறது. எந்த இடத்தில் தடை என்று தெரியாமல் ஊற்றினால் காசுதான் கரையும். அதனால் அறிகுறியிலிருந்து தொடங்குவோம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் மீனை அறுங்கள்

வீச்சுவலை போட்டு, மந்தமாகத் திரியும் மீன் மூன்று, பார்வைக்கு நன்றாக இருப்பது இரண்டு எடுங்கள். நல்ல மீனையும் அறுத்தால்தான் ஒப்பிட முடியும். செத்து மிதக்கும் மீன் வேண்டாம். நம் வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே உள்ளே எல்லாம் நிறம் மாறிவிடும்.

கழிவாயிலிருந்து தாடை வரை கத்தரிக்கோலால் மேலாக வெட்டி, ஒரு பக்கச் சதையைத் தூக்கிவிடுங்கள். கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் கெண்டை இனம். இந்த இனத்தில் ஈரல் ஆட்டு ஈரல் போல ஒரே கட்டியாக இருக்காது. குடல் மடிப்புகளுக்கு இடையே கணையத்தோடு கலந்து ஒட்டிப் படர்ந்திருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் "ஈரலே காணோமே" என்பது இதனால்தான். ஜிலேபியில் தனியாகத் தெரியும். செங்கபில நிறம், வழவழப்பு, கூர்மையான ஓரம் இருந்தால் நல்ல ஈரல். வெளிர் மஞ்சளாக, ஓரம் மழுங்கி, கத்தியில் எண்ணெய் தடவியது போல் ஒட்டினால் கொழுப்பு ஏறியிருக்கிறது. ஒரு துண்டைத் தண்ணீர் டம்ளரில் போடுங்கள். மிதந்தால் கொழுப்பு மிக அதிகம். மூழ்கினால் ஈரல் சரி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

பித்தப்பையையும் பாருங்கள். அது கரும்பச்சையாக முட்டி நின்றால் மீன் சில நாளாகத் தின்னவே இல்லை. அப்படியானால் தண்ணீரில் ஆக்சிஜன், அம்மோனியா, மீன்பேன், செவுள் புழு என எல்லாவற்றையும் பார்த்த பிறகே வைட்டமின் பக்கம் வர வேண்டும்.

வயிறு உருண்டிருக்கிறது, ஈரல் வெளிறியிருக்கிறது

இதற்குக் காரணம் மூன்று. மூன்றும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

குடலைச் சுற்றிலும் வெள்ளைக் கொழுப்பு கட்டிகட்டியாக அப்பி, ஈரலும் வெளிறியிருந்தால், தீனியில் மாவுச்சத்து மிதமிஞ்சிப் போகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். கல்யாண மண்டபத்து மீந்த சோறு, ஓட்டல் கழிவு, அளவில்லாத தவிடு. கெண்டையும் ஜிலேபியும் மாவுச்சத்தை நன்றாகவே செரிக்கும். நீந்தவும் வளரவும் செலவாகாததை ஈரல் கொழுப்பாக மாற்றிச் சேர்த்துவிடும். இதற்கு வைட்டமின் மருந்து கிடையாது. சோற்றை நிறுத்துங்கள், தீனியை ஒரு வாரம் பாதியாக்குங்கள், வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடுங்கள். மீன் ஒரு நாள் பட்டினியில் சாகாது. மனசு கேட்காமல் கை நிறைய அள்ளிப் போடுவதுதான் சிக்கல்.

குடலைச் சுற்றிக் கொழுப்பு அதிகமில்லை, ஈரல் மட்டும் மஞ்சளாகப் பருத்திருக்கிறது என்றால் கோலின் என்ற வைட்டமின் குறைவைச் சந்தேகியுங்கள். ஈரலில் சேரும் கொழுப்பு தானாக ரத்தத்தில் கலந்துவிடாது. புரதமும் பாஸ்ஃபாட்டிடைல்கோலின் என்ற கொழுப்புப் பொருளும் சேர்ந்த ஒரு உறைக்குள் பொதிந்துதான் வெளியேற முடியும். அந்த உறைக்கு மூலப்பொருள் கோலின். அது இல்லையென்றால் கொழுப்பு உள்ளேயே தேங்கும். உடம்பில் மற்ற இடத்துக்குத் தேவையான சக்தியும் போய்ச் சேராது. வயிறு பருத்தும் எடை ஏறாத விசித்திரம் இப்படித்தான் வருகிறது. சாதாக் கெண்டைக்கு ஒரு கிலோ தீவனத்தில் 1500 மில்லிகிராம் கோலின் தேவை என்பது ஆய்வில் வந்த கணக்கு. ஜிலேபிக்குச் சுமார் 1000.

நம் பக்கத்தில் இந்தக் குறை வர ஒரு தனிக் காரணம் இருக்கிறது. கடலைப் புண்ணாக்கும் தவிடும் மட்டுமே போடும் குட்டைகள் இங்கே நிறைய. மீன் உடம்பு ஓரளவு கோலினைத் தானே தயாரித்துக்கொள்ளும், அதற்கு மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் வேண்டும். கடலைப் புரதத்தில் குறைவாக இருப்பதே அந்த மெத்தியோனின்தான். வாங்குவதிலும் குறை, தயாரிப்பதிலும் குறை என்று இரண்டு பக்கமும் அடி விழுகிறது. புண்ணாக்கில் கால் பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோயாப் புண்ணாக்கும் கொஞ்சம் மீன்தூளும் சேர்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மீதிக்கு 60 சதவீதக் கோலின் குளோரைடு பொடி, கிலோ தீவனத்துக்கு 1 முதல் 2 கிராம். புண்ணாக்கிலும் தவிட்டிலும் ஏற்கெனவே கோலின் கொஞ்சம் இருப்பதால் அதற்கு மேல் தேவைப்படாது.

இனாசிட்டால் என்ற சத்தும் இதே வேலையில் துணை. கெண்டைக்குக் கிலோவுக்கு 440 மில்லிகிராம் தேவை. அது குறைந்தால் தோல் வழவழப்பு போய்ப் புண் வரும். பெரும்பாலான நல்ல வைட்டமின் கலவைகளில் இருக்கும், பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டால் போதும்.

மூன்றாவது காரணம் பூஞ்சை. குப்பம் பக்கம் கடலை வெட்டு முடிந்து மழை பிடித்துக்கொண்டால், அந்த வருஷப் புண்ணாக்கைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். ஈரம் பட்ட கடலையில் அஃப்லாடாக்ஸின் என்ற நச்சு உண்டாகும், அதுவும் ஈரலைத்தான் தாக்கும். வெளிறிய ஈரலில் ரத்தப் புள்ளிகளும் முடிச்சுகளும் கலந்து தெரிந்தால் கோலின் வாங்க ஓட வேண்டாம், புண்ணாக்கை மாற்றுங்கள். பச்சைப் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நச்சு இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் போகாது.

முதுகு ஒட்டிப்போய், தலை மட்டும் பெரிதாகத் தெரிகிறது

இந்தத் தமிழக-ஆந்திர எல்லைப் பகுதிக்கு என்றே எழுத வேண்டிய அறிகுறி இது. காரணம், நம்மிடம் மலிவாகக் கிடைக்கும் பட்டுப்புழு.

பலமநேர், குப்பம், கிருஷ்ணகிரி எல்லாம் பட்டுக்கூடு விளையும் மண். நூல் இழுக்கும் இடங்களில் கூட்டை வேகவைத்து நூலைப் பிரித்த பிறகு மிஞ்சும் கூட்டுப்புழுவைக் காயவைத்து மூட்டையாக விற்கிறார்கள். எடையில் பாதிக்கு மேல் புரதம், கால் பங்கும் அதற்கு மேலும் கொழுப்பு. மீன் அள்ளி விழுங்கும். நல்ல தீனிதான், புதிதாக இருக்கும் வரை.

அந்தக் கொழுப்பில் லினோலெனிக் அமிலம் அதிகம். காற்றும் வெயிலும் பட்டால் மிக வேகமாகச் சிக்குப்பிடிக்கும், அதாவது காறிப்போகும் ரகம். ஜப்பானில் இதே போல் பட்டுப்புழுவைக் கெண்டைக்குப் போட்டு வளர்த்த பண்ணைகளில், முதுகுச் சதை கரைந்து மீன் மெலியும் நோய் பரவியது. செகோகே என்று பெயர். சிக்கடித்த புழுக் கொழுப்புதான் காரணம் என்பதும், தீவனத்தில் வைட்டமின் ஈ சேர்த்தால் வராது என்பதும் 1960களில் அங்கே சோதித்து நிறுவப்பட்டது.

நடப்பது இது. செல்லின் சவ்வே இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பால் ஆனது. சிக்குப்பிடித்தல் ஒரு இடத்தில் தொடங்கினால் அடுத்தடுத்த கொழுப்புக்குத் தாவிக்கொண்டே போகும். வைட்டமின் ஈ குறுக்கே விழுந்து, தான் கெட்டு, அந்தத் தொடரை அறுக்கும். கெட்ட வைட்டமின் ஈயை வைட்டமின் சி மறுபடி சரிசெய்து கொடுக்கும். வெளியிலிருந்து சிக்குக் கொழுப்பு தினமும் வந்துகொண்டிருந்தால் இருக்கும் கையிருப்பு தீர்ந்து, சதை நார் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதையும். அறுத்துப் பாருங்கள்: முதுகுச் சதை வெளிறி நார்நாராக இருக்கும், வயிற்றறைக் கொழுப்பு வெள்ளையாக இல்லாமல் பழுப்பு மஞ்சளாக, தொட்டால் கெட்டியாக இருக்கும்.

உறுதி செய்ய ஆய்வகம் போகும் முன் மூட்டையின் நடுவில் கையை விட்டு ஒரு பிடி எடுங்கள். மேலாக இருப்பதை எடுத்தால் ஏமாறுவோம். இரண்டு புழுவை விரலால் நசுக்கி மூக்கருகே கொண்டுபோங்கள். நல்ல புழு கருவாட்டு வாடை அடிக்கும். சிக்கடித்தது பெயிண்ட் டப்பா திறந்தது போல் நெடி அடிக்கும், விரலில் பிசினாக ஒட்டும். பெயிண்டில் போடும் ஆளி விதை எண்ணெயும் லினோலெனிக் அமிலம் நிறைந்ததுதான், அதனால் அந்த ஒற்றுமை தற்செயல் இல்லை. ஆய்வகத்தில் பெராக்சைடு அளவு பார்த்துச் சொல்வார்கள். அதிலும் ஒரு சூட்சுமம்: அந்த அளவு ஏறி உச்சத்துக்குப் போய்ப் பிறகு தானாக இறங்கும். மிகப் பழைய மூட்டை குறைந்த அளவு காட்டித் தப்பித்துக்கொள்ளலாம். அதனால் ரிப்போர்ட்டும் மூக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் நான் மூக்கைத்தான் நம்புவேன்.

சரி, செய்ய வேண்டியது என்ன? சிக்கடித்த மூட்டையை நிறுத்த வேண்டும். எருக்குழியில் போடுங்கள். "வைட்டமின் ஈ பொடியைக் கலந்துவிட்டால் சரியாகிவிடாதா" என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. கடையில் வருவது அசிடேட் வடிவம். அது சாக்குக்குள் கெடாமல் கிடக்கும், ஆனால் சாக்கிலிருக்கும் கொழுப்பைக் காப்பாற்றாது. மீன் குடலில் பிரிந்த பிறகே வேலை தொடங்கும். கெட்ட தீனியை நல்லதாக்க அதனால் முடியாது. மீனுக்குள் மீதியிருப்பதைக் காக்கத்தான் முடியும்.

நல்ல புழு மட்டும் போடுவதானாலும் கூடுதல் ஈ வேண்டும். கொழுப்பு கூடக் கூட வைட்டமின் ஈ தேவையும் கூடும் என்பதுதான் பலரும் விட்டுவிடும் இடம். ஜிலேபியில் செய்த சோதனையில், 5 சதவீதக் கொழுப்புள்ள தீவனத்துக்குக் கிலோவுக்கு 50 முதல் 100 மில்லிகிராம் போதுமாக இருந்தது. கொழுப்பு 10 முதல் 15 சதவீதம் ஆனபோது 500 மில்லிகிராம் தேவைப்பட்டது. 50 சதவீத வைட்டமின் ஈ பொடியாக இருந்தால் 100 கிலோ தீவனத்துக்கு 20 கிராம் போட்டால் கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஆகும். தீவனத்தில் புழு கலப்பவர்கள் 40 முதல் 60 கிராம் வரை போடலாம். புழுவை மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம், பதினைந்து நாளில் தீருகிற அளவே வாங்குங்கள். எண்ணெய் எடுத்த புழு கிடைத்தால் இன்னும் நல்லது. விலை கொஞ்சம் கூட, தலைவலி பாதி.

தவிட்டுக்கும் இதே கணக்கு உண்டு. பச்சரிசித் தவிட்டில் அரைத்த உடனேயே கொழுப்பைச் சிதைக்கும் நொதி வேலையைத் தொடங்கிவிடும், சில நாளில் காறும். புழுங்கல் நெல்லில் அந்த நொதி வேகும்போதே செத்துவிடுவதால் புழுங்கல் தவிடு கூடுதல் நாள் தாங்கும். எண்ணெய் எடுத்த தவிடு காறாது, ஆனால் எண்ணெயோடு இயற்கையான வைட்டமின் ஈயும் போய்விட்டது. அதைப் போடுபவர்கள் வைட்டமினைத் தனியாகச் சேர்த்தே ஆக வேண்டும்.

முதுகெலும்பு வளைந்திருக்கிறது

ஒட்டிய முதுகும் வளைந்த முதுகும் வேறு. இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒட்டியதில் எலும்பு நேராக இருக்கும். எலும்பே பாம்பு போல் பக்கவாட்டில் நெளிந்தாலோ மேல்கீழாக மடிந்தாலோ வைட்டமின் சி நினைவுக்கு வர வேண்டும். எலும்பின் கொலாஜன் கட்ட அது வேண்டும். கொழுப்போடும் அதற்கு உறவு உண்டு: கொழுப்பை எரியும் இடத்துக்குள் கொண்டுபோகும் கார்னிட்டின் உடம்பில் உருவாகவும் வைட்டமின் சி தேவை. அதனால் சி குறைந்த குட்டையில் வளைவோடு மந்தமும், துடுப்படியில் ரத்தக்கசிவும், ஆறாத புண்ணும் சேர்ந்தே வரும்.

வைட்டமின் என்று முடிவு செய்யும் முன் ஒன்று பாருங்கள். குஞ்சு விட்டபோதே வளைந்திருந்தால் அது குஞ்சுப் பொரிப்பகத்துச் சரக்கின் குறை. ஒன்றிரண்டு மட்டும் வளைந்திருந்தால் வலையில் அடிபட்டதாகவும் இருக்கலாம். நேராக இருந்த கூட்டத்தில் வளர வளரப் பல மீன் வளைந்தால்தான் தீவனம்.

வைட்டமின் சி என்று விற்கும் சாதாரண அஸ்கார்பிக் அமிலப் பொடி, தீவனம் அரைக்கும் சூட்டிலும் குடோன் வெயிலிலும் பெரும்பகுதி அழிந்துவிடும். பாஸ்பேட் சேர்ந்த நிலையான வகையைக் கேட்டு வாங்குங்கள். 35 சதவீத வகை 100 கிலோ தீவனத்துக்கு 30 கிராம் போதும். புதிதாக வளைவது நிற்கும். வளைந்தது நிமிராது, அவற்றைப் பிரித்து முதலில் விற்றுவிடுங்கள்.

தின்ன வருகிறது, துப்பிவிடுகிறது. செவுள் இதழ்கள் ஒட்டியிருக்கின்றன

பான்டோதெனிக் அமிலம் என்ற பி வைட்டமின் குறைந்தால் செவுள் இதழ் நுனி தடித்து ஒன்றோடொன்று ஒட்டும். கொழுப்பை உடைக்கவும் கட்டவும் தேவையான கோஎன்சைம் ஏ என்ற துணைப்பொருள் இதிலிருந்துதான் உண்டாகிறது. ரிபோஃபிளேவின், நயாசின் இரண்டும் அதே எரிப்பு வேலையில் அடுத்தடுத்த படிகள். ஆனால் நம் குட்டைகளில் செவுள் கெட்டால் பத்தில் ஒன்பது தடவை செவுள் புழு, பாக்டீரியா, இல்லையென்றால் சேறு. பி வகைகளைத் தனித்தனியாக வாங்கிக் குழம்ப வேண்டாம். நல்ல கலவை ஒன்றை மாற்றிப் பாருங்கள்.

கோழிக் கழிவோ பச்சை மீன் குடலோ போடும் குட்டையில் மீன் சுழன்று நீந்தினால் தயமின் (வைட்டமின் பி1) குறையாக இருக்கலாம். பச்சை மீனில் தயமினை அழிக்கும் நொதி உண்டு, வேகவைத்தால் போய்விடும். கோழிக் கழிவு போட்டு வளர்ப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெளுத்தி. அதை வளர்க்கவே நம் நாட்டில் தடை. அதற்கு வைட்டமின் யோசனை சொல்ல எனக்கு விருப்பமில்லை.

மார்கழியில் மட்டும் கொழுப்பு கூடுகிறது

குப்பமும் ஓசூரும் மேட்டுநிலம், மார்கழி விடியலில் குட்டைத் தண்ணீர் நன்றாகக் குளிரும். குளிர்ந்தால் மீனின் செரிமானமும் நடமாட்டமும் குறையும். ஐப்பசியில் போட்ட அளவையே தொடர்ந்தால் கொஞ்சம் கொழுப்பாகும், மீதி அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். காலைத் தீனியை வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல் போடுங்கள், அளவைக் குறையுங்கள். வைட்டமினில் கைவைக்கத் தேவையில்லை.

விற்ற மீன் சீக்கிரம் வாடை அடிக்கிறது என்று வியாபாரி புகார்

ஐஸ் சரியாக இருந்தும் வயிற்றுச் சதை மஞ்சளடித்துக் காறினால், சதையில் வைட்டமின் ஈ இருப்பு குறைவு. பிடிப்பதற்கு முந்தைய ஒன்றரை இரண்டு மாதம் ஈ அளவை இரட்டிப்பாக்கினால் சதையில் சேர்ந்து, ஐஸில் கூடுதல் நாள் தாங்கும். கொழுப்பு அதிகமுள்ள பங்கேசியஸ் கெளுத்தி வளர்ப்பவர்களுக்கு இது முக்கியம்.

கலக்கும் விதம்

இதில்தான் பாதி வைட்டமின் போகிறது. கோலின் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும், பக்கத்திலுள்ள மற்ற வைட்டமின்களைக் கெடுக்கும். அதனால் கலவைப் பொடியோடு ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். தீவனம் கலக்கும் அன்று தனியாகச் சேருங்கள்.

துளையிட்ட சாக்கில் தவிடு, புண்ணாக்கைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் ஆந்திராவின் கொல்லேறு ஏரிப் பக்கத்திலிருந்து இங்கேயும் வந்துவிட்டது. தீனி வீணாகாது, உண்மைதான். ஆனால் கோலின், சி, பி எல்லாம் தண்ணீரில் கரைபவை. மீன் வந்து உறிஞ்சும் முன்பே சாக்கிலிருந்து கசிந்துபோகும். ஈ, ஏ, டி கரையாது, தாங்கும். அதனால் வைட்டமின் கலந்த தீனியை மட்டும் தனியாக எடுத்து, கஞ்சித் தண்ணீரில் பிசைந்து உருண்டையாக்கித் தட்டில் வையுங்கள். மிதவைத் தீவனம் போடுபவர்கள் பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மேலே சிறிது எண்ணெய் பூசி, நிழலில் அரை மணி ஆறவிட்டுப் போடலாம். எண்ணெய் புதியதாக இருக்கட்டும். பஜ்ஜிக் கடையில் மீந்த எண்ணெயைப் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்வது.

ஏ, டி இரண்டையும் தாராளமாகப் போட வேண்டாம். கொழுப்பில் கரையும் இவை ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். வைட்டமின் ஏ மிஞ்சினால் ஈரலே வீங்கும், வளர்ச்சி குன்றும். கோழிக்கான வைட்டமின் மருந்தை மீனுக்குத் திருப்பிவிடும்போது இந்த ஆபத்து அதிகம், அதில் ஏ, டி தூக்கலாக இருக்கும்.

ஆறு வாரம் ஆகியும் மாற்றமில்லை

கொழுப்பேறிய ஈரல் தீனி சரியானால் சில வாரங்களில் நிறம் திரும்பும். ஒட்டிய முதுகு மெதுவாகத்தான் தேறும். ஆறு வாரத்துக்குப் பிறகு அறுத்துப் பார்த்து ஈரல் அப்படியே வெளிறியிருந்தால் நம் ஊகம் தவறு. பாரூரிலுள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையத்துக்கோ பக்கத்து மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ போங்கள். ஆந்திரப் பக்கத்தவர்களுக்கு அவர்கள் துறை அலுவலகம் உண்டு. வெறுங்கையோடு போனால் "எதற்கும் டானிக் கொடுத்துப் பாருங்கள்" என்ற பதிலோடு திரும்புவீர்கள். சுண்டுவிரல் நுனியளவு ஈரல் துண்டுகளை, அறுத்த உடனே, பத்து மடங்கு அளவு 10 சதவீத ஃபார்மலினில் போட்டு எடுத்துப் போங்கள். ஐஸில் வைத்த மீன் இரண்டு. மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்த தீவனம் அரைக்கிலோ, வெயில் படாத பையில். தீவனச் சாக்கில் ஒட்டியிருக்கும் தயாரிப்புத் தேதித் துண்டுச் சீட்டையும் கிழித்து எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்பது அதைத்தான்.